சென்னை டிரஸ்ட் ஒன்று எங்கள் கூத்து செட்டுக்கு உதவ வருகிறது, அவர்களிடம் என்ன கேட்கலாம்?

மேச்சேரி தறிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் சேலம் மாவட்டத்தில், மேச்சேரிக்கும் நங்கவள்ளிக்கும் நடுவில். என் பெரிய மாமா முப்பது வருஷமாகக் கூத்து செட்டு வைத்திருக்கிறார், மொத்தம் பதினொரு பேர். பகலில் ஒருத்தர் தறி ஓட்டுகிறார், ஒருத்தர் செங்கல் சூளைக்குப் போகிறார், இரண்டு பேர் பெயின்ட் வேலை. தை பிறந்தால் ஆடி வரைக்கும் ராத்திரி ஆட்டம். நான் ஆடுவதில்லை, சின்ன வயதில் திரை பிடித்திருக்கிறேன், இப்போது கணக்கு வழக்கும் போனும் நான்தான் பார்க்கிறேன்.

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு கலை டிரஸ்ட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள், கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கையில் எடுத்துப் பார்த்தார்கள், ஓரம் உடைந்த மார்புக்கட்டையைப் பார்த்து ஏன் மாற்றவில்லை என்று கேட்டார்கள். மாவட்டங்களில் இருக்கிற கலைகளுக்கு மூன்று வருஷம் தொடர்ந்து உதவுவதாகத் திட்டமாம். சேலத்தில் எங்கள் செட்டு, இன்னும் இரண்டு செட்டு, ஒரு பொம்மலாட்டக் குழு என்று நினைத்திருக்கிறார்கள். என்னை இங்கே ஒருங்கிணைப்பாளராக இருக்கச் சொல்கிறார்கள். "உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்களே ஒரு பக்கம் எழுதிக்கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்த ஒரு பக்கத்தில்தான் மூன்று வாரமாக நிற்கிறேன். பெரிய மாமாவைக் கேட்டால், "வருஷத்துக்குப் பத்து ஆட்டம் பிடிச்சுக் கொடுத்தாப் போதும்ங்கிறேன்" என்கிறார். சின்ன மாமாவுக்குப் பயம், ஏற்கெனவே ஒருமுறை பட்டணத்துக்குப் போய் அவமானப்பட்டு வந்தவர் அவர். பன்னிரண்டு நிமிஷம் கொடுத்து, பாதியில் லைட்டை மாற்றி, அடுத்த குழுவைக் கூப்பிட்டுவிட்டார்களாம். வேஷம் கட்டுவதற்கே இரண்டு மணி நேரம் ஆகிற ஆட்டம் இது.

எனக்கு வந்தவர்கள் மேல் சந்தேகம் இல்லை. ஆனால் சென்னையில் இருக்கிற ஓர் அமைப்பு எங்களைப் போன்ற ஊர்க் கலைக்கு உண்மையில் என்ன செய்ய முடியும், எதைச் செய்யக் கூடாது என்பது எனக்குத் தெளிவாகவில்லை. இப்படிப்பட்ட உதவியைப் பார்த்தவர்கள், வாங்கியவர்கள், கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் என்ன எழுதட்டும்?

ஜலகண்டாபுரம் டீச்சர்

தம்பி, நான் ரிட்டயர்டு டீச்சர். என் அப்பா கூத்து வாத்தியார், அதனால் இதைப் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது உங்கள் பெரிய மாமாவுக்குப் பிடிக்காது. அவர்களிடம் ஆட்டம் கேட்காதீர்கள். குறிப்பாக, "டிரஸ்ட் செலவில் உங்கள் ஊருக்கு இலவசக் கூத்து" என்கிற ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளவே கூடாது.

எங்கள் பக்கத்தில் நடந்ததை வைத்துத்தான் சொல்கிறேன். ஒரு ஊரில் வருஷா வருஷம் மாரியம்மன் நோம்பிக்குத் தலைக்கட்டு வரி போட்டுக் கூத்து வைப்பார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல், தராதவன் வீட்டு வாசலில் ஊர்ப் பெரியவர்கள் போய் நிற்பார்கள். வரி கொடுத்ததால்தான் அந்த ராத்திரி நம் கூத்து, நம் செட்டு என்று ஆள் உட்காரும், விடியக்காலை நாலு மணிக்குத் தூக்கம் சொக்கினாலும் எழுந்து போக மாட்டார்கள். ஒரு வருஷம் வெளியூர் அமைப்பு ஒன்று வந்தது, யார் என்று சொல்லத் தேவையில்லை, நல்லெண்ணத்தில்தான் வந்தார்கள். இந்தத் தடவை முழுச் செலவும் எங்களுடையது என்றார்கள். ஊருக்குச் சந்தோஷம், வரி போடவில்லை. அடுத்த வருஷமும் அவர்களே. மூன்றாவது வருஷம் அவர்கள் வரவில்லை. ஊர்க்கூட்டத்தில் வரி என்று பேச்சு எடுத்ததும், "சும்மா கெடச்சதுக்கு இப்ப எதுக்குக் காசு" என்று நாலு பேர் கேட்டார்கள், அத்தோடு முடிந்தது. இப்போது அந்த நோம்பிக்கு ஆர்கெஸ்ட்ராதான். நாற்பது வருஷப் பழக்கம் இரண்டு வருஷ இலவசத்தில் போய்விட்டது. எனக்கு இன்னமும் ஆறவில்லை.

கூத்துக்குக் காசு கொடுப்பது ஊர். சேர்வராயன் சாமியே வந்து உதவி செய்தாலும் அதை மாற்றக் கூடாது. ஆட்டத்தின் நடுவில் கோமாளி நிறுத்தி, "இன்னார் மகன் இன்னார் ஐந்நூறு ரூபாய் அன்பளிப்பு" என்று சொல்வதும், நோட்டை ஊக்கில் குத்திவிடுவதும் கூத்துக்குள்ளேயே இருக்கிற விஷயம். துக்க வீட்டில் கர்ண மோட்சம் வைக்கிறார்கள், மழை இல்லை என்றால் விராட பர்வம் வைக்கிறார்கள். இதற்கெல்லாம் சென்னையில் யாரும் ஒப்புதல் தர வேண்டியதில்லை. சேலத்தில் குகை என்கிற பகுதியில் ஆடி மாதம் வண்டி வேடிக்கை நடக்கிறதே, சாமி வேஷம் போட்டு வண்டியில் ஊர்வலம், அதற்கு எந்த நகரத்து அமைப்பு காசு கொடுத்தது? அந்தந்தத் தெருக்காரர்கள் போட்டி போட்டுச் செலவு செய்கிறார்கள், நிற்க இடம் இல்லாத கூட்டம்.

சரி, அப்படியென்றால் டிரஸ்ட் எதற்கு என்று கேட்பீர்கள். ஊரால் முடியாதது இருக்கிறது, அதற்கு. தலைக்கட்டு வரியில் ஒரு பையனை உட்கார வைத்து இரண்டு வருஷம், கூத்துக்கு ஊதுகிற முகவீணையைக் கற்றுக்கொடுக்க முடியாது. வேஷத்துக்குக் கட்டுகிற மர அணி, அந்த அடவுக்கட்டையைப் புதிதாகச் செதுக்க முடியாது. வாத்தியார் தலையில் இருக்கிற பாட்டையும் வசனத்தையும் எழுதி வைக்க முடியாது. 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவில் ஆட்டம் நின்றுபோனபோது எங்கள் தெருவில் ஒரு வேஷக்காரர் மிருதங்கத்தை அடகு வைத்தார், அந்த மாதிரி நேரத்துக்கு ஒரு சேமிப்பு வைக்க ஊரால் முடியாது. இதைக் கேளுங்கள். உங்கள் செட்டில் முகவீணை வாசிக்கிறவருக்கு என்ன வயது?

மேச்சேரி தறிக்காரன்

டீச்சரம்மா, கேட்டதும் ஒரு நிமிஷம் கை நின்றுவிட்டது. எழுபதை நெருங்குகிறார். எங்களுக்கு மட்டும் இல்லை, சுற்றுப்பக்கம் நாலு செட்டுக்கும் அவர்தான். ஒரே ராத்திரி இரண்டு செட்டுக்கு ஆட்டம் வந்தால் ஒருத்தர் ஆர்மோனியத்தை வைத்துச் சமாளிக்கிறோம். அவர் மகன் திருப்பூருக்குப் போய்விட்டான். யாரும் கற்றுக்கொள்ளவில்லை. இதை நான் இதுவரைக்கும் பிரச்சினை என்றே நினைத்தது இல்லை, அவர் எப்போதும் இருப்பார் என்கிற மாதிரி இருந்துவிட்டோம்.

முன்னாள் டிரஸ்ட் ஊழியர், சென்னை

நான் இதே மாதிரி ஓர் அமைப்பில் ஆறு வருஷம் வேலை செய்தேன், இப்போது இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள் சொன்னால் உங்களுக்குப் பயன்படும். டீச்சரம்மா சொன்ன தப்பை நாங்களும் செய்திருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் காசு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள். பெரும்பாலும் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியாக இருக்கும். 2013 கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கிற கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவு செய்ய வேண்டும், அந்தப் பட்டியலில் பாரம்பரியக் கலை வளர்ச்சியும் இருக்கிறது. இந்தக் காசுக்கு மார்ச் 31தான் எல்லை. இங்கேதான் உங்களுக்குச் சிக்கல் வரும். உங்கள் பருவம் தையில் தொடங்கி ஆடியில் முடிகிறது. அவர்கள் கணக்கு உங்கள் பருவத்தின் நடுவில் முடிகிறது. பிப்ரவரி மார்ச்சில், நீங்கள் ராத்திரி தூங்காமல் ஆட்டத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது, பில் அனுப்புங்கள், போட்டோ அனுப்புங்கள், பயனாளி கையெழுத்து அனுப்புங்கள் என்று போன் வரும். ஆவணி புரட்டாசியில் ஆட்டம் இல்லாமல் கையில் காசு இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது, புது வருஷ ஒப்பந்தம் இன்னும் கையெழுத்து ஆகவில்லை என்பார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, இரண்டு காலண்டர் ஒன்றோடு ஒன்று சேரவில்லை, அவ்வளவுதான்.

அதனால் ஒரு பக்கத்தில் முதல் வரியாக இதை எழுதுங்கள்: காசு ஆவணியிலிருந்து மார்கழிக்குள் வந்து சேர வேண்டும், பயிற்சி எல்லாம் அந்த மாதங்களில்தான். இது முடியாது என்று சொல்வார்கள். முடியும். சட்டத்திலேயே தொடர் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, அப்படி முதலிலேயே எழுதிவிட்டால் மார்ச்சில் செலவாகாத பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து மூன்று வருஷத்துக்குள் செலவு செய்யலாம். பல அமைப்புகள் கம்பெனியிடம் இதைக் கேட்பதே இல்லை. நாங்களும் கேட்டதில்லை, யாரும் எங்களைக் கேட்க வைக்கவில்லை.

இரண்டாவது, உங்களுக்கென்று பதிவு செய்த சங்கம் இருக்கிறதா? இல்லையென்றால் 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம், நாலு செட்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே சங்கமாக வைத்தால் இன்னும் நல்லது. சங்கம் பெயரில் வங்கிக் கணக்கு. இது இல்லாத வரைக்கும் டிரஸ்ட் கொடுக்கிற காசு ஆள் ஆளுக்குச் "சம்மான"மாகத்தான் வரும், நாளைக்கு டிரஸ்ட் போனால் எல்லாம் போகும். மூன்று வருஷம் முடிந்து அவர்கள் கிளம்பும்போது உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்பதை இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் அரசு வழிகள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உங்கள் பதினொரு பேரும் பதிவு செய்திருக்கிறார்களா? இயல் இசை நாடக மன்றத்தில் வயதான கலைஞர்களுக்கு மாதாந்திர உதவி இருக்கிறது, இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்கத் தலா 10,000 ரூபாய் கொடுக்கிற திட்டமும் இருக்கிறது. மன்றம் சென்னையில் என்றாலும் கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகம் சேலத்திலேயே இருக்கிறது. இதற்கெல்லாம் விண்ணப்பம், வயதுச் சான்று, போட்டோ, வங்கிப் புத்தக நகல் என்று காகிதம் வேண்டும், உங்கள் ஆட்களுக்கு அதில் பாதி இருக்காது. நகரத்து அமைப்பு ஒன்றால் நன்றாகச் செய்ய முடிந்த வேலை இதுதான்: ஓர் ஆளை அனுப்பி ஒரு வாரம் உட்கார வைத்து எல்லாருடைய காகிதத்தையும் முடித்துக் கொடுப்பது. படம் எடுக்க அழகாக இருக்காது, ஆண்டறிக்கையில் அட்டைப்படமாக வராது, அதனால் யாரும் செய்வதில்லை. ஆனால் ஒருமுறை செய்தால் அந்தக் குடும்பத்துக்கு வருஷக்கணக்கில் நிற்கும்.

உங்களை ஒருங்கிணைப்பாளராகக் கேட்டிருக்கிறார்கள் இல்லையா, சம்பளம் எவ்வளவு என்று சொன்னார்களா?

மேச்சேரி தறிக்காரன்

சம்பளம் பற்றிப் பேச்சு வரவில்லை அண்ணா, "ஊக்கத்தொகை" என்றார்கள். வாரியத்தில் பதினொரு பேரில் மூன்று பேர்தான் பதிவு செய்திருக்கிறார்கள், இன்றைக்கு எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தேன். அடையாள அட்டை புதுப்பிக்காமல் விட்டவர் ஒருத்தர் வேறு.

ஏற்காடு மிளகுக்காரர்

உங்களுக்குச் சென்னை பட்டணம். எங்களுக்குச் சேலமே பட்டணம். அந்தக் கோணத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

மே மாதம் இங்கே கோடை விழா நடக்கும், மலர்க் கண்காட்சி, படகுப் போட்டி, சாயங்காலம் கலை நிகழ்ச்சி. கீழே இருந்து குழுக்கள் வரும், கரகம், மயிலாட்டம், பரதம் எல்லாம் நடக்கும், சுற்றுலா வந்தவர்கள் பார்ப்பார்கள், நல்லதுதான். அதே மே மாதத்தில்தான் மேலே சேர்வராயன் கோயில் திருவிழாவும். குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிற கோயில், சுற்றியிருக்கிற மலையாளிப் பழங்குடி ஊர்களில் இருந்து ஜனங்கள் நடந்தே வருவார்கள். எங்கள் ஊர்க் கிழவிகள் பாடுகிற பாட்டும், ஆண்கள் வட்டம் கட்டி ஆடுகிற ஆட்டமும் அங்கே இருக்கிறது. பல வருஷமாக விழா மேடையைப் பார்க்கிறேன், மலையின் ஆட்டம் மலையின் மேடையில் ஏறுவது அபூர்வம். ஏறினாலும் பத்து நிமிஷம், முதல் நாள், நாற்காலி நிரம்புவதற்கு முன்னால்.

ஒருமுறை சேலத்திலிருந்து ஒரு குழு பாட்டைப் பதிவு செய்ய வந்தது. என் பெரியம்மா பாடினார். நடவுப் பாட்டு, அதைச் சேற்றில் குனிந்து நிற்கும்போதுதான் பாடுவார்கள், நாற்றை எடுக்கிற கைக்குத் தகுந்த மாதிரி மூச்சு நிற்கும். அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, பட்டுப்புடவை கட்டச் சொல்லி, மைக்கை முன்னால் வைத்தார்கள். இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. மறந்துவிட்டது என்று அவரே சொல்லிக்கொண்டார், அவருக்கு அவ்வளவு வெட்கம். அடுத்த வாரம் தோட்டத்தில் களை எடுக்கும்போது அதே பாட்டை அரை மணி நேரம் பாடினார், நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பதிவு செய்தவர்கள் கீழே போயாகிவிட்டது. அந்த இரண்டு வரியும் எங்களுக்கு வந்து சேரவில்லை, கேட்டுக் கேட்டு விட்டுவிட்டோம். பெரியம்மா இப்போது இல்லை.

அதனால் உங்கள் ஒரு பக்கத்தில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எது பதிவு செய்தாலும் ஒரு பிரதி அதே ஊரில், அந்தக் குடும்பத்திடம் இருக்க வேண்டும். உங்கள் மாமா பாடிய பாட்டை யாராவது வேறு எதிலாவது போட்டால் அவரைக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று, ஊர் தூரம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்கள் சாயங்காலம் நாலு மணிக்கே வாட்சைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று. எங்கள் பாட்டும் ஆட்டமும் இருட்டின பிறகுதான் ஆரம்பிக்கும். உங்கள் கூத்தும் அப்படித்தானே?

சேலம் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். 1930களில் டி.ஆர். சுந்தரம் இங்கேயே ஸ்டூடியோ போட்டு நூறு படத்துக்கு மேல் எடுத்தார்கள், நடிகர்களும் எழுதுகிறவர்களும் வேலை தேடிச் சேலத்துக்கு வந்தார்கள். அப்போது சென்னையிலிருந்து யாரும் இந்த ஊருக்குக் கலையைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

ஆத்தூர் – லீட்ஸ்

நான் இங்கிலாந்தில் இருக்கிறேன், இங்கே நடந்த கதை ஒன்று உங்களுக்கு உதவலாம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

உலகப் போர் நடக்கும்போது 1940இல் கலைகளுக்காக ஒரு குழு அமைத்தார்கள். சுரங்க ஊர்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நாடகக்காரர்களையும் பாட்டுக்காரர்களையும் அனுப்பினார்கள், ஊர்க்காரர்களே போடுகிற நாடகத்துக்கும் ஆதரவு இருந்தது. போர் முடிந்து 1946இல் அதுதான் ஆர்ட்ஸ் கவுன்சில் ஆனது, தலைமை லண்டனில். பொருளாதார நிபுணர் கீன்ஸ்தான் அதற்கு வடிவம் கொடுத்தவர். வெளியூர்களில் வட்டார அலுவலகங்கள் இருந்தன. 1950களில் செலவைக் குறைக்கிறோம் என்று அவற்றை ஒவ்வொன்றாக மூடினார்கள், இருக்கிற காசை லண்டனில் இருக்கிற பெரிய ஓபரா, பெரிய நாடகக் கம்பெனிகளுக்குத் தரமாகக் கொடுப்பது என்று முடிவு. அதற்கு அப்புறம் வெளியூர்க்காரர்கள் தாங்களே சேர்ந்து வட்டாரச் சங்கங்கள் ஆரம்பித்துப் போராடித்தான் பங்கு வாங்கினார்கள். இன்றைக்கும் லண்டனுக்கு எவ்வளவு, மற்ற ஊர்களுக்கு எவ்வளவு என்று சண்டை ஓயவில்லை. 2022இல் லண்டனில் இருக்கிற ஒரு தேசிய ஓபராக் கம்பெனியை, மானியம் வேண்டுமென்றால் வெளியூருக்குப் போ என்று சொல்லும் அளவுக்குப் போனது.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது, அலுவலகம் மூடினால் ஊரைத் தெரிந்த ஆள் போய்விடுகிறார் என்பதைத்தான். அந்த ஆளை மறுபடி உண்டாக்க இருபது வருஷம் ஆனது. உங்களை ஒருங்கிணைப்பாளர் என்கிறார்களே தம்பி, அதை ஊக்கத்தொகை வேலையாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். மாதச் சம்பளம், எழுத்தில் பொறுப்பு, எந்தச் செட்டுக்கு எவ்வளவு என்பதில் உங்களுக்கு ஒரு வாக்கு. சென்னையில் முடிவு செய்துவிட்டு உங்களை ஆள் திரட்ட மட்டும் அனுப்பினால், கடைசியில் ஊரில் கெட்ட பெயர் உங்களுக்குத்தான்.

பொம்மைக்காரர் வீட்டுப் பேரன்

பொம்மலாட்டக் குழுவையும் எடுக்கிறார்கள் என்றீர்கள், அதனால் எழுதுகிறேன். தாத்தா ஆட்டியவர், அப்பா விட்டுவிட்டார், நான் சேலத்தில் ஒரு கடையில் வேலை செய்கிறேன்.

எங்களுடையது மரப்பொம்மை. கல்யாண முருங்கை மரத்தில் செய்வது. பொம்மையின் கயிறு ஆட்டுகிறவர் தலையில் வைத்திருக்கிற வளையத்தில் கட்டியிருக்கும், கைக்குக் கம்பி. பெரிய பொம்மை பத்துக் கிலோ வரும், நாலரை அடி இருக்கும். அதைத் தலையாலும் கழுத்தாலும் தாங்கி ஆட்ட வேண்டும். தாத்தாவுக்கு உச்சந்தலையில் காசு அளவுக்கு முடி முளைக்காத இடம் இருந்தது, அந்த வளையம் உட்கார்ந்த இடம்.

எங்களுக்கும் ஓர் அமைப்பு உதவியது, பள்ளிக்கூடங்களில் ஆட்டுங்கள் என்றார்கள். நல்ல திட்டம்தான், பிள்ளைகள் சந்தோஷமாகப் பார்த்தார்கள். ஆனால் பெரிய பொம்மையைத் தூக்கிக்கொண்டு போக வண்டி இல்லை, அதனால் சின்ன பொம்மை செய்யச் சொன்னார்கள், கதையை அரை மணிக்குச் சுருக்கச் சொன்னார்கள், அப்புறம் கை கழுவுதல், பிளாஸ்டிக் ஒழிப்பு என்று கதையே மாறியது. மூன்று வருஷத்தில் பெரிய பொம்மை பரணுக்குப் போனது. அவர்கள் போன பிறகு சின்ன பொம்மைக்கும் ஆட்டம் இல்லை, பெரிய பொம்மைக்குக் கயிறும் இல்லை. போன வருஷம் பரணில் ஏறிப் பார்த்தேன், அனுமாருக்குக் கரையான் வந்திருந்தது.

வண்டி கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு பழைய மினி வேன் இருந்திருந்தால் பொம்மையும் மாறியிருக்காது, கதையும் மாறியிருக்காது. நீங்கள் எழுதும்போது அந்தக் குழுவுக்கும் சேர்த்து வண்டி என்று எழுதுங்கள்.

ஜலகண்டாபுரம் டீச்சர்

பேரனே, கரையானுக்கு வேப்பெண்ணெய் தடவி நிழலில் காய வை, வெயிலில் வைக்காதே, முருங்கை மரம் வெடிக்கும். செதுக்கத் தெரிந்த ஆள் எங்கள் பக்கம் ஒருத்தர் இருக்கிறார், கூத்துக் கிரீடம் செய்கிறவர், தனியாகச் செய்தி அனுப்பு, சொல்கிறேன்.

மேச்சேரி தறிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி பெரிய மாமா வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து நீங்கள் எழுதியதை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். தலைக்கட்டு வரிக் கதையைப் படித்தபோது பெரிய மாமா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பத்து ஆட்டம்னு எழுத வேண்டாம், அத அடிச்சுரு" என்றார்.

இப்போது ஒரு பக்கம் எழுதியாகிவிட்டது. முகவீணைக்கு இரண்டு பையன்கள், இரண்டு வருஷம், கற்றுக்கொடுக்கிறவருக்கு மாதச் சம்பளம். பையன்களில் ஒருத்தன் சூளைக்காரர் மகன், பத்தாவது முடித்திருக்கிறான், கேட்டதும் சரி என்றான், இன்னொருத்தனைத் தேடிக்கொண்டிருக்கிறோம். உடைந்த கட்டைகளுக்கு மரமும் கூலியும். எல்லோருக்கும் வாரியப் பதிவுக்கு ஒரு வாரம் ஓர் ஆள். நாலு செட்டுக்கும் பொம்மைக்காரர்களுக்கும் பொதுவாக ஒரு வண்டி, சங்கம் பெயரில். காசு ஆவணியில். பதிவு எதுவானாலும் ஒரு பிரதி இங்கே. எனக்குச் சம்பளம் என்று எழுதக் கை கூசியது, சின்ன மாமாதான் பேனாவை வாங்கி எழுதினார்.

ஊரில் ஆடுகிற ஆட்டத்துக்கு டிரஸ்ட் காசு வேண்டாம் என்பதையும் எழுதிவிட்டோம். சென்னைக்கு எங்களைக் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து வர மாட்டோம் என்பதும் இருக்கிறது, பொங்கலுக்குக் கூப்பிட்டால் வரவே முடியாது, மாட்டுப்பொங்கல் அன்றைக்கு ஊரில் ஆட்டம்.

கடைசியாக மாமா ஒன்று சேர்க்கச் சொன்னார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவர்கள் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து எங்கள் கூத்தைப் பார்க்க வேண்டும். போன் பண்ணிச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்சம் யோசித்துவிட்டு, வருகிறோம் என்றார்கள். வருகிற சனிக்கிழமை பக்கத்து ஊரில் ஒரு கருமாதிக்குக் கர்ண மோட்சம் இருக்கிறது, அந்த வீட்டுக்காரர்களிடமும் கேட்டுவிட்டோம். சாயங்காலம் ஏழு மணிக்கு, அரிதாரம் குழைக்க உட்காரும்போதே வந்துவிடச் சொல்லியிருக்கிறேன்.